முகம் வரையாத நானபூஷ்

ஹெரிங் வளைகுடா
மார்ச் 22, 1976

பூஷூ, அண்ணா.

நம் பாஷையிலேயே வணக்கம் சொல்லித் தொடங்கிவிட்டேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் வானொலிக்கு முந்திக்கொண்டு வானிலை சொல்கிறது. உன் இருமல் போனதா? சுரங்கத்தில் கொடுக்கும் முகமூடியைப் போட்டுக்கொள்கிறாயா, கழுத்தில் தொங்கவிட்டுத் திரிகிறாயா?

ஒரு செய்தி. நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன், வெட்கம். வரும் ஜனவரியில் தண்டர் பே நகரத்து மண்டபத்தில் நம் பூர்வகுடி ஆட்களுடைய ஓவியங்களை வைக்கப்போகிறார்கள். என் படம் ஒன்று வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் எனக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த கார்மைக்கேல் அம்மாள் என் பெயரைக் கொடுத்துவிட்டார். படத்துக்குப் பக்கத்தில் நின்று அதன் கதையையும் நானே சொல்லவேண்டுமாம். பட்டம் வாங்க மேடை ஏறியபோது கை குலுக்க வந்தவரிடம் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தவள் நான். நினைவிருக்கிறதா? நம் வீட்டின் முதல் பட்டதாரி அப்படித்தான் பட்டம் வாங்கினாள்.

நானபூஷைத்தான் வரைகிறேன், நம் பழங்கதைகளில் வரும் அந்தப் பசிப் போக்கிரியை. அப்பா சொல்வாரே, அக்கரைப் புகை கதை, அது. உறைந்த ஏரியின் நடுவில் நிற்கிறான். இரண்டு கரையிலும் புகை. தடித்த கறுப்புக் கோடு, உள்ளே சிவப்பும் மஞ்சளும். வயிற்றுக்குள்ளும் தெரியும்படி வரைந்திருக்கிறேன், காலி. எல்லாம் வந்துவிட்டது, முகம் மட்டும் வரவில்லை. எந்தக் கரையைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாது. அந்த இடம் வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். அம்மாவைக் கேட்டால், "நீ தூங்கறதுக்கு முந்தியே நான் தூங்கிருவேன். பகலெல்லாம் வலை இழுத்தவளுக்குக் கதை ஒரு கேடா?" என்கிறாள்.

அப்பாவும் இல்லை. நீதான் மூத்தவன். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே உனக்குச் சொல்லியிருப்பார். முடிவை எழுதி அனுப்பு, சீக்கிரம். வாசலில் இன்னும் பனி கிடக்கிறது.

தங்கை,
வெர்னா

*

சுரங்க முகாம், வடக்கு மானிடோபா
ஏப்ரல் 30, 1976

அன்புள்ள வெர்னாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். இருமல் இல்லை. அம்மா காலை நீட்டி உட்காரவேண்டும், நான் சொன்னேன் என்று சொல். கேட்கமாட்டாள், இருந்தாலும் சொல்.

உன் படம் மண்டபத்தில் தொங்கப்போகிறது என்று என் அறைக்காரன் மெல்வினிடம் சொன்னேன். அவன் கிரீ இனத்து ஆள், அவனும் பூர்வகுடிதான். "உங்க வீட்ல ஒரு ஆளுக்காவது மூளை இருக்கே" என்றான். அவனுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான் பேசுவான்.

நான் எழுத உட்காருவதற்குள் ஏப்ரல் முடிந்துவிட்டது. இங்கே இன்னும் பனி இருக்கிறது. உங்கள் பக்கம் கரைந்திருக்கும். பனி இல்லாத நாளில் அந்தக் கதைகளைச் சொல்லக்கூடாது. தவளை கேட்டுவிட்டால் படுக்கைக்குள் வந்து ஏறும். குளிர்காலம் வரட்டும், சொல்கிறேன். அப்பா அதை நன்றாகச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள்.

இந்நேரம் ஓடையில் சின்ன மீன் ஏறிக்கொண்டிருக்கும். எனக்கும் சேர்த்துப் பொரித்துச் சாப்பிடு.

இசடோர்

*

ஹெரிங் வளைகுடா
மே 16, 1976

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். மீன் பொரித்தோம். உன் பங்கை அம்மா தனித் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் அவளே சாப்பிட்டாள்.

உன் கடிதமும் தவளைச் சத்தமும் ஒரே வாரத்தில் வந்தன. முதல் தவளை கத்தியதும் அம்மா ஒரு போர்வையை எடுத்து வந்து படத்தின்மேல் போட்டாள். "நான் எதுவும் பேசலையே, வரைஞ்சுதானே வச்சிருக்கேன்" என்றேன். "படத்துக்கும் வாய் இருக்குடி. மூடு" என்றாள். மூடியாயிற்று. இனி பனி விழும்வரை பெயரும் சொல்லமாட்டேன். நம்ம ஆள் என்றே எழுதுகிறேன்.

நீ ஜூலையில் வருவாய், தெரியும். கொசுவும் சுற்றுலாக்காரர்களும் நீயும் சேர்ந்துதான் வருவீர்கள். வேலைக்குப் போன நாளிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்காவது வந்திருக்கிறாயா? இந்தத் தடவை ஜூலையை விட்டுவிடு. குளிர்காலத்தில் வா. கதையை உன் வாயால் சொல். முகத்தை உன் எதிரில் வரைகிறேன். மண்டபத்தில் என் பின்னால் நீ நின்றால் எனக்குக் குரல் வரும்.

வெர்னா

*

சுரங்க முகாம்
ஜூலை 11, 1976

அன்புள்ள தங்கைக்கு,

இருவரும் நலமாக இருக்கவேண்டும். இங்கே நான் நலம்.

இந்த ஜூலை வரவில்லை. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அவர்கள் முறையையும் நாங்களே பார்க்கிறோம். குளிர்காலத்தில் விடுப்புக் கிடைப்பது கஷ்டம்.

பூமிக்கு அடியில் கோடையே தெரியாது. மேலே வரும்போது வெளிச்சம் கண்ணைக் குத்தும். அப்போதெல்லாம் படகு நினைவு வருகிறது. ஒரு தடவை நடு ஏரியில் மோட்டார் நின்றுவிட்டது. அப்பா அதைத் திட்டவேயில்லை, தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் சொன்னார். கரைக்கு வந்து அவுரிநெல்லி பறித்துத் தின்று, நாக்கு நீலமாகி, நானும் அவரும் மாறி மாறி நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டோம்.

நம்ம ஆளுக்கு அப்பாவின் மூக்கை வை. பெரிய மூக்கு பொருந்தும். அந்தக் கதையில் வேறு யார் யார் வருவார்கள் என்று எழுதேன். எல்லாம் நினைவில் இருக்கிறது, ஒன்றிரண்டு கலைந்திருக்கலாம்.

இசடோர்

*

ஹெரிங் வளைகுடா
செப்டம்பர் 5, 1976

அன்புள்ள அண்ணா,

அம்மா நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் நான் சின்ன வகுப்புக்கு ஆசிரியை. தும்மலும் மூக்கொழுகலும் பாடத்திட்டத்தில் இல்லாமலே நடக்கின்றன.

வேறு யார் வருவார்கள் என்று கோடையில் என் வாயைக் கிளறுகிறாயா? நன்றாயிருக்கிறது! உன் படுக்கையில் தவளை ஏறக்கூடாது, என் படுக்கையில் மட்டும் ஏறலாமா? பதில் கிடையாது.

ஜூலை முழுக்க அம்மா வாசலைப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். யார் வண்டி வந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "துணி காயுதான்னு பாத்தேன்" என்றாள். கொடியில் துணியே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பள்ளி திறக்கும் வாரத்தில் அம்மா யாரோடும் பேசுவதில்லை. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். பிள்ளைகள் தெருவில் நடந்து போகும் சத்தம் அடங்கும்வரை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கிறாள். கேட்டால், "மாவு பிசையறேன், கண்ணு தெரியலையா?" என்கிறாள்.

உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள். கை நீளம் எழுதி அனுப்பு. நீ வளர்ந்திருப்பாய் என்று நினைக்கிறாள்.

வெர்னா

*

சுரங்க முகாம்
அக்டோபர் 20, 1976

அன்புள்ள வெர்னா,

சுகம். கை நீளம் பழையதுதான். இனி வளரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல். முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

இங்கே பனி விழுந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு இன்னும் விழுந்திருக்காது. கேட்கிற ஆள் இருக்கும் இடத்துப் பனிதான் கணக்கு என்று நினைக்கிறேன். மெல்வின் ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்றவன் ஊர்ல பனி இருந்தா போதும்டா. தபால் மூட்டைக்குள்ளயா தவளை உக்காந்திருக்கு?" என்றான். அவன் இரண்டு நாளாய் அவர்கள் ஊர்க் கதைகளாகச் சொல்லி அறையையே சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறான். நான் சீக்கிரம் படுத்துவிடுகிறேன். காலை முறை வேலை.

அவசரப்படாதே. உங்கள் பக்கம் பனி விழட்டும்.

இசடோர்

*

ஹெரிங் வளைகுடா
நவம்பர் 9, 1976

பூஷூ அண்ணா!

விழுந்துவிட்டது! நேற்றுப் பள்ளி விடும்போது தொடங்கியது, இன்று காலை கணுக்கால்வரை. தைலம் வந்தது. அம்மா பூசிக்கொண்டபின் நாய் அவள் பக்கத்தில் போக மறுக்கிறது. ஆனால் வலிக்கு நன்றாகக் கேட்கிறதாம்.

போர்வையை எடுத்தோம். ஆறு மாதம் முகமில்லாமல் இருட்டில் நின்றிருக்கிறான், பாவம். நானபூஷ், நானபூஷ், நானபூஷ்! எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம் இப்போது.

இனி உனக்குச் சாக்கு இல்லை. கார்மைக்கேல் அம்மாள் ஜனவரி மூன்றாம் வாரத்துக்குள் படம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நானே எதையாவது வரைந்துவிடலாம் என்று ஒரு நாள் தூரிகையை எடுத்தேன். அப்பா முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. வைத்துவிட்டேன். அவர் எந்தப் பக்கம் திருப்பினாரோ அந்தப் பக்கம்தான் திரும்பவேண்டும் அண்ணா. அவர் சொன்னதில் என்னிடம் இருப்பது இவ்வளவுதான், அதுவும் பாதி.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறோம். கை நீளமாகத்தான் இருக்கும். அம்மா உன் பேச்சை நம்பவில்லை.

வெர்னா

*

சுரங்க முகாம்
டிசம்பர் 12, 1976

வெர்னா,

சட்டை வந்தது. கதகதப்பாக இருக்கிறது. கையை இரண்டு மடிப்பு மடித்திருக்கிறேன்.

கதை எழுத நேரமில்லை. முகத்தை உனக்குத் தோன்றுகிற பக்கம் வரை. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

அம்மாவுக்கு என் அன்பு. கிறிஸ்துமஸுக்கு வரமுடியாது.

இசடோர்

*

ஹெரிங் வளைகுடா
டிசம்பர் 27, 1976

பூஷூ, அண்ணா.

அம்மாவும் நானும் நலம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் அதை எழுது.

உன் கடிதத்துக்கு உடனே ஒரு பதில் எழுதினேன். கோபமான பதில். அம்மா எட்டிப் பார்த்து, "யாரை இப்படிக் குத்திக்கிட்டிருக்க? காகிதம் கிழிஞ்சிடும்" என்றாள்.

"உன் பிள்ளையைத்தான். அப்பா சொன்ன கதையை ஒரு வருஷமா கேக்கறேன். தெரிஞ்சுக்கிட்டே சொல்லமாட்டேங்கறான்" என்றேன்.

அம்மா கையிலிருந்த மாவை உதறினாள். "அவன் எந்தக் குளிர்காலம் இந்த வீட்ல இருந்தான்?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"ஆறு வயசுல சர்க்கார்காரங்க வண்டியில ஏத்தித் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாங்க. அப்புறம் செப்டம்பர்ல போவான், ஜூன் கடைசியில வருவான். பத்து வருஷம். உனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வாய்க்கல, இங்கயே ஒண்ணு திறந்துட்டாங்க. படிச்ச பொண்ணு, யோசிச்சுப் பாரேன். உங்கப்பன் வாயைத் திறந்த நாள்ல இவன் இங்க இல்லை. இவன் இருந்த நாள்ல உங்கப்பன் வாயைத் திறக்கல."

எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

நான் எதையும் கேட்கப்போவதில்லை. காலணியைக் கழற்றிவிட்டு உட்கார். வெளியே ஜன்னல் பாதிவரை பனி. அடுப்பில் பிர்ச் விறகு. அப்பா தேநீரில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டு, நமக்காக இல்லாததுபோல், அடுப்பைப் பார்த்துத்தான் தொடங்குவார்:

"நானபூஷ் நடந்து போயிட்டிருந்தான். எங்கன்னு கேக்காதீங்க, அவனுக்கே தெரியாது. நல்ல பசி. ஏரிக்கரையில ஒரு பீவர், மரத்தைக் கடிச்சு அணை கட்டுமே அது, ஆப்டுச்சு. தீ மூட்டி வாட்டறான். கொழுப்பு சொட்டுது. வாயில வைக்கப் போறான், அக்கரையில ஒரு புகை. 'ஆஹா, அங்க விருந்து! என்னைத்தான் கூப்பிடறாங்க. நான் இல்லாம விருந்தா?' இந்தக் கறியை அப்படியே போட்டுட்டு பனிக்கட்டி மேல ஓடறான். வழுக்கி விழறான், எழுந்து ஓடறான். அங்க போய்ப் பாத்தா, ஒரு ஈ காக்கா இல்லை. யாரோ அணைக்காம போன தீ. 'சே'ன்னு திரும்பிப் பாக்கறான். இக்கரையில புகை! கொழுப்பு வாசனை வேற! 'அடடே, விருந்து அங்கதான், நான்தான் கரை மாறி வந்துட்டேன்!' மறுபடி ஓட்டம். அது அவன் மூட்டின தீதான்னு அவனுக்குத் தெரியல. பாதி தூரம் வந்ததும் ஒரு சந்தேகம். திரும்பிப் பாக்கறான். அந்தப் புகை இன்னும் பெருசா இருக்கு. இந்தப் பக்கம் பாக்கறான். அந்தப் பக்கம் பாக்கறான்..."

இங்கேதான் நான் தூங்கிவிடுவேன்.

இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. உனக்கு.

வெர்னா

*

சுரங்க முகாம்
ஜனவரி 13, 1977

பூஷூ, தங்கச்சி.

சாப்பிடுகிறேன். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக்கூடத்தில் பிரித்தது தப்பு. 'கரை மாறி வந்துட்டேன்' என்ற இடத்தில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. மெல்வின் பிடுங்கிப் படித்தான். "எங்க ஊர்ல இவனுக்கு வேற பேரு. ஆனா இதே முட்டாள்தான்" என்றான்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஒரு ஜூலையில் அப்பாவிடம் கதை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனுக்கு ஒரே ஒரு கதை தெரியும். விளக்கணைத்தபின் கிசுகிசுப்பான், அதற்கும் அடி விழும். அதனால் வீட்டில் கேட்டேன். "பனி வரட்டும்டா" என்றார். சொன்னபின்தான் அவருக்கே உறைத்திருக்கவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையை எடுத்து, கிழியாத இடத்தில் தைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் அந்த வீட்டில் உட்கார்ந்தால், எல்லோரும் அடுத்த வரி தெரிந்து சிரிப்பார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டியிருக்கும். அதுதான், வேறொன்றுமில்லை.

அப்பா எந்தப் பக்கம் திருப்பினார் என்று எனக்குத் தெரியாது வெர்னா. ஆனால் நடு ஏரியில் நிற்கிற அந்த ஆளை எனக்குத் தெரியும். நான் சொல்லட்டுமா? அவன் எந்தப் பக்கமும் போகமாட்டான். அங்கேயே உட்கார்ந்துவிடுவான். "ரெண்டு கரைக்காரங்களும் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போவாங்க. பாசம் இருக்கறவன் தட்டோட இங்க வரட்டும்" என்பான். உட்கார்ந்த இடத்தில் பனிக்கட்டியோடு ஒட்டிக்கொள்வான். பின்பக்கம் ஒட்டிக்கொண்டதைச் சொல்ல வெட்கப்பட்டு, "இந்த இடம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று வசந்தம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பான்.

பிடித்தால் வை. பிடிக்காவிட்டால் விடு.

இசடோர்

*

ஹெரிங் வளைகுடா
ஜனவரி 30, 1977

பூஷூ, அண்ணா.

நலம். மிக நலம். அம்மா தண்டர் பேயில் வாங்கிய புதுக் காலணியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள்.

வைத்தேன். நிற்கும் கால்களை அழித்து மடக்கினேன். முகம் எந்தக் கரையையும் பார்க்கவில்லை. நேராக, படத்தைப் பார்க்கிறவரைப் பார்க்கிறது. 'எங்கே என் தட்டு?' என்று. அப்பாவின் மூக்கு.

மண்டபத்தில் கூட்டம். முதலில் நான் என் காலணிகளுக்குத்தான் கதை சொன்னேன். யாரோ சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன், அம்மா. பின்பக்கம் ஒட்டிக்கொண்ட இடம் வந்தபோது, கண்ணீர் வர, பக்கத்திலிருந்த கார்மைக்கேல் அம்மாளின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். மேல்கோட்டு அணிந்த ஒருவர் வந்து, இது மிகப் பழைய கதையா என்று கேட்டார். "முதல் பாதி எங்கப்பாவோடது. பின்பாதி எங்கண்ணனோடது" என்றேன். படத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றார். "இன்னும் ஒரு ஆள் பாக்கணும்" என்று சொல்லிவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

திரும்பி வரும் வழியில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "உங்கப்பன் இதைக் காதால கேட்டிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

அண்ணா, என்னிடம் இன்னும் நிறையக் கதைகள் இருக்கின்றன. வாத்துகளோடு ஆடியது, கரடியிடம் வாலைக் கடன் கேட்டது, தன் நிழலோடு சண்டை போட்டது. எல்லாமே முதல் பாதிதான். ஒன்றிலும் விழித்திருந்ததில்லை. இங்கே மார்ச் கடைசிவரை பனி இருக்கும். இவற்றைக் கடிதத்தில் எழுதமாட்டேன்.

வெர்னா

*

சுரங்க முகாம்
பிப்ரவரி 10, 1977

பூஷூ, வெர்னா. அம்மாவுக்கும்.

உடம்புக்குக் குறைவில்லை. ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன். இனி எழுதுவதில் அர்த்தமில்லை, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் ரயிலில் இருப்பேன். விறகு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை.

விடுப்புக் கேட்டு மேற்பார்வையாளரிடம் போனேன். அவன் நாட்காட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பிப்ரவரியில எவன்டா ஊருக்குப் போவான்? அங்க என்ன கிடக்கு?" என்றான்.

கதை கேட்கப் போகிறேன் என்றேன்.

அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "உனக்கு என்ன வயசு?"

ஆறு என்றேன்.

இசடோர்